பிபிஇ கிட் தீயணைப்பு வண்டிக்குத் தாங்குமா? புளியரைச் சாலையை வைத்து ஒரு மதிப்பீடு

சர்ஜிகல் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ரெடிமேட் பிபிஇ (தனிநபர் பாதுகாப்பு உடுப்பு) கிட்டைப் பிரித்தால் உள்ளே பெரும்பாலும் இவைதான் இருக்கும்: தலைமூடியோடு சேர்ந்து உடம்பு முழுக்க மூடும் வெள்ளைக் கவரால், என்95 மாஸ்க், காகிள் என்ற கண் காப்பு, ஃபேஸ் ஷீல்டு, நைட்ரைல் என்ற செயற்கை ரப்பரில் செய்த கையுறை ஒரு ஜோடி, ஷூ கவர், கழிவு போட ஒரு மஞ்சள் பை. கொரோனாவுக்குப் பிறகு தீயணைப்பு நிலையங்களும் ஊர் மீட்புக் குழுக்களும் இதையே வாங்கி வண்டி லாக்கரில் அடுக்கி வைக்கும் பழக்கம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வார்டுக்காக வடிவமைத்த இந்தப் பொட்டலம் செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வழியே புனலூருக்கு ஏறும் மலைச்சாலையில் எவ்வளவு தூரம் உதவும் என்பதே இங்கே பேச்சு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மாஸ்க்கும் ஃபேஸ் ஷீல்டும் மஞ்சள் பையும் தேறும். கையுறையையும் காகிளையும் மாற்ற வேண்டும். ஷூ கவரை வண்டியிலேயே ஏற்றாதீர்கள். கவராலுக்கு நிபந்தனை உண்டு, அதைத் தனியாகப் பார்ப்போம். கிட்டில் இல்லாதவற்றின் பட்டியல்தான் இருப்பதைவிட நீளம்.

வார்டில் நோய் பெரும்பாலும் மூச்சு வழியாகவும் தொடுதல் வழியாகவும் வருகிறது. வேலை செய்பவர் சமதரையில், வெளிச்சத்தில் நிற்கிறார், பக்கத்திலேயே குழாய் இருக்கிறது. புளியரை எஸ் வளைவில் கவிழ்ந்த வேனுக்குள் கை விடுகிறவருக்கு முதல் ஆபத்து உடைந்த கண்ணாடியும் கிழிந்த தகரமும்தான். கையுறை கிழிந்து தோலும் கிழிந்தால், அடிபட்டவரின் ரத்தம் நேராக இவர் ரத்தத்தில் கலக்கிறது. இரண்டாவது ஆபத்து கண்ணிலும் வாயிலும் தெறிப்பது. மூன்றாவது, முட்டளவு வெள்ளத்திலும் கிணற்றுச் சேற்றிலும் நிற்பது. மூச்சு வழித் தொற்று அதற்கும் பிறகுதான். கிட் இந்த வரிசையைத் தலைகீழாக வைத்திருக்கிறது.

கையுறையிலிருந்து தொடங்குவோம். கிட்டில் வருவது நோயாளியைத் தொட்டுப் பார்க்க டாக்டர் போடும் மெல்லிய ரகம். விரல் நுனியில் அதன் கனம் சுமார் 0.1 மில்லிமீட்டர்தான். ரத்தத்தை அது நன்றாகவே தடுக்கும். ஆனால் கார் கதவின் நெளிந்த ஓரத்தில் ஒருமுறை உரசினால் போய்விடும். நசுங்கிய வண்டியை வெட்டும் ஹைட்ராலிக் கட்டரைப் பிடிக்கிற கைக்கு அதை மட்டும் போட்டு அனுப்புவது வெறுங்கையோடு அனுப்புவதற்குச் சமம். செய்ய வேண்டியது இரட்டை அடுக்கு: உள்ளே நைட்ரைல், மேலே வெட்டுத் தாங்கும் மீட்புக் கையுறை. மேல் கையுறையைத் தோலில் வாங்காதீர்கள். தோல் ரத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும், கழுவினால் விறைத்துப்போகும், சுத்தமானதா என்று யாராலும் சொல்ல முடியாது. உள்ளங்கையில் நைட்ரைல் பூசிய செயற்கை இழைக் கையுறை சோப்புத் தண்ணீர் தாங்கும்.

உள் கையுறை மணிக்கட்டோடு நிற்கிற குட்டை ரகமாக இருந்தால், கையைத் தூக்கும்போது மேலிருந்து வழிகிற ரத்தம் உள்ளே இறங்கிவிடும். 12 அங்குல நீளக் கையுறை என்று கேட்டு வாங்குங்கள், அது முழங்கைப் பக்கம் பாதி ஏறும். லேடெக்ஸ், அதாவது இயற்கை ரப்பர், வேண்டாம். அது சிலருக்கு ஒவ்வாமை தரும், எண்ணெய் பட்டால் இளகிவிடும், விபத்து வண்டியில் எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. அளவும் முக்கியம். எல்லோருக்கும் மீடியம் என்று வாங்கினால் பெரிய கைக்காரருக்குப் போடும்போதே கட்டைவிரல் கவட்டில் கிழியும், கிழிந்தது பரபரப்பில் தெரியாது. மோதிரத்தைக் கழற்றி, நகத்தை வெட்டிவிட்டுப் போட வேண்டும்.

இரண்டு இடங்களில் இந்த ஏற்பாடே தவறு. தீ எரிகிற இடத்துக்குப் போகும்போது ஃபயர் கையுறைக்குள் நைட்ரைல் போடக் கூடாது. வெப்பத்தில் அது தோலோடு ஒட்டும். அடுத்து, ஒரே ஜோடியோடு ஒரு அடிபட்டவரிலிருந்து இன்னொருவருக்குப் போகக் கூடாது. சபரிமலை சீசனில் பக்தர்கள் வேன் கவிழ்ந்தால் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் ரோட்டோரம் கிடப்பார்கள். ஒருவர் ரத்தம் பட்ட கையோடு அடுத்தவரின் காயத்தை அழுத்தினால் நாமே தொற்றைக் கடத்துகிறோம். கிட்டுக்கு ஒரு ஜோடி என்ற கணக்கு இந்த இடத்தில் முழுதாக உடைகிறது. நூறு கையுறைப் பெட்டி ஒன்றைத் திறந்த வாக்கில் எட்டும் இடத்தில் வைப்பதுதான் வழி. மேல் கையுறை நனைந்துவிட்டால் அதையும் மாற்ற ஆளுக்கு இரண்டாவது ஜோடி இருக்க வேண்டும்.

இப்போது கவரால். 2020இல் நாடு முழுக்கக் கவரால் தைக்கத் தொடங்கியபோது, அதைச் சோதிக்கும் வேலை கோயம்புத்தூரில் சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிலையத்தில்தான் முதலில் நடந்தது. செயற்கை ரத்தத்தை அழுத்தத்தோடு துணிமேல் செலுத்தி, மறுபக்கம் கசிகிறதா என்று பார்ப்பார்கள். தேறியதற்கு யூசிசி என்ற சான்று எண் கொடுத்தார்கள். பிறகு ஐ.எஸ். 17423 என்ற இந்தியத் தரமும் வந்தது. பாக்கெட்டில் இவற்றில் ஒன்றாவது இல்லையென்றால் அது வெறும் மழைக்கோட்டு. கடையிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. தையலை உள்பக்கமாகத் திருப்பி வெளிச்சத்தில் பிடியுங்கள். தையல் மேல் டேப் ஒட்டியிருக்க வேண்டும். ஊசித் துளைகள் வரிசையாக மின்னினால், துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ரத்தம் அந்த வரிசையில் இறங்கும். ஜிப் மேல் ஒட்டும் மடிப்பு இல்லாததையும் ஒதுக்கிவிடுங்கள்.

நல்ல கவரால் கிடைத்தாலும் எல்லா அழைப்புக்கும் அதைப் போட முடியாது. அது பாலிபுரோப்பிலீன், பாலித்தீன் அடுக்கு. நெருப்பு பட்டால் உருகி உடம்போடு ஒட்டும். பெட்ரோல் கசிகிற வண்டியைச் சுற்றி, கட்டரும், தகரத்தை விரித்துத் திறக்கும் ஸ்ப்ரெடரும் ஓடுகிற நேரத்தில், கவரால் போட்ட ஆள் பக்கத்தில் நிற்கவே கூடாது. அங்கே ஃபயர் கோட்டுதான் உடுப்பு. அதோடு இரட்டைக் கையுறை, காகிள், மாஸ்க். ரத்தம் கோட்டின் மேல் படும்தான், கோட்டைப் பிறகு துவைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் கவரால் எங்கே உதவும்? பேட்டரி இணைப்பைத் துண்டித்து, கசிவை அடைத்து, தீ அபாயம் நீங்கியது என்று பொறுப்பாளர் சொன்ன பிறகு உடல்களை எடுக்கும்போது. கிணற்றில் பல நாள் கிடந்த உடலைத் தூக்கும்போது. தொற்று நோயாளி என்று சொல்லப்படுபவரை மாடியிலிருந்தோ காட்டு வீட்டிலிருந்தோ இறக்கும்போது. கோழி லாரி கவிழ்ந்து செத்த பறவைகளை அள்ளும்போதும் போடலாம். 2024இல் ஆலப்புழைப் பக்கம் வாத்துகளுக்குப் பறவைக் காய்ச்சல் வந்ததை நினைத்தால் இந்தப் பாதையில் அது வீண் எச்சரிக்கை இல்லை. கடைசியாக, அழுக்குக் கருவிகளைக் கழுவும்போது. இந்த வேலைகளுக்கு வண்டிக்கு நான்கு கவரால் போதும், ஆளுக்கொன்று தேவையில்லை.

அளவில் எப்போதும் ஒரு படி பெரியதாக வாங்குங்கள். கிட்டில் வருவது நின்றபடி வேலை செய்கிறவருக்கானது. குந்தி உட்கார்ந்தால் கவட்டில் கிழியும், கையை உயர்த்தினால் மணிக்கட்டு வெளியே வரும். மணிக்கட்டில் கையுறையைக் கவராலின் கைநுனிக்கு மேல் இழுத்து டேப் ஒட்டலாம், ஆனால் டேப்பின் முனையை மடித்து விடுங்கள், கழற்றும்போது பிடித்து இழுக்க வேண்டும். புளியரை அடிவார வெயிலில் கவராலுக்குள் இருபது, முப்பது நிமிடத்துக்கு மேல் யாரையும் விடாதீர்கள். வியர்வை வெளியேற வழியில்லை. மயங்கி விழுகிறவரைக் காப்பாற்ற இன்னொருவர் அவசரத்தில் கையுறை இல்லாமல் கை வைப்பார், எல்லா ஏற்பாடும் அங்கே போகும்.

ஷூ கவரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஈரப் பாறையில், எண்ணெய் சிந்திய தாரில் வழுக்கும். நல்ல கம்பூட்டைக் கழுவிக்கொள்வது எவ்வளவோ மேல்.

மாஸ்க்கில் கிட் தரும் என்95 பெரும்பாலும் சரியாகவே இருக்கும், ஐ.எஸ். 9473 முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். காதில் மாட்டுவதைவிடத் தலைக்குப் பின்னால் இரண்டு பட்டை போகும் ரகம் முகத்தோடு நன்றாகப் படியும். மூக்குக் கம்பியை இரண்டு கை விரலாலும் அழுத்தி, மாஸ்க்கை மூடிப் பிடித்து ஊதிப் பாருங்கள். ஓரத்தில் காற்று அடித்தால் சரியாக உட்காரவில்லை. தாடி இருந்தால் எந்த மாஸ்க்கும் உட்காராது. பட்டையை ஹெல்மெட்டுக்கு முன்பே போட்டுவிட வேண்டும், பிறகு போட்டால் ஹெல்மெட் நாடாவோடு சிக்கும். வியர்வையில் நனைந்த மாஸ்க்கில் மூச்சு முட்டும், மாற்றுங்கள்.

மாஸ்க் விஷயத்தில் உயிர் போகிற தவறு ஒன்று உண்டு. நாற்றமடிக்கும் கிணற்றிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ இறங்கும்போது என்95 போட்டிருக்கிறோம் என்று நம்புவது. அது துகளைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயுவுக்கும் ஆக்சிஜன் குறைவுக்கும் காற்று சிலிண்டரோடு கூடிய மூச்சுக்கருவி மட்டுமே வழி. அங்கே தொற்று இரண்டாவது கவலை.

பல கிட் காகிள்களில் சிறு துளைகள் நேராக உள்ளே திறக்கும். தெறிப்பு அந்தத் துளை வழியே கண்ணுக்குப் போகலாம். மறைமுகத் துளையுள்ள, பனி படியாத பூச்சுள்ள காகிள் வேண்டும். மாஸ்க் சரியாக உட்காராவிட்டால் மூச்சுக் காற்று மேலேறிக் கண்ணாடி மங்கும், எனவே மங்கல் பல நேரம் காகிளின் குறையே இல்லை. ஹெல்மெட் வைசர் போதும் என்பார்கள். அது கீழ்ப்பக்கம் திறந்தே இருக்கிறது, குனிந்து வேலை செய்யும்போது தெறிப்பு கீழிருந்துதான் வரும். ஃபேஸ் ஷீல்டைக் கருவி கழுவும் இடத்தில் காகிளுக்கு மேல் போட்டுக்கொள்ளலாம். விபத்து வண்டிக்குள் தலை நுழைக்கும்போது அது எதிலாவது மாட்டும்.

கிட்டில் என்ன இல்லை என்று பார்த்தால், முதலில் கூர்பொருள் பெட்டி. ஊசி குத்தாத, மூடி திரும்பத் திறக்காத ஒரு லிட்டர் வெள்ளைப் பெட்டியும் நீளமான இடுக்கியும். 2024 டிசம்பரில் நெல்லை மாவட்டம் நடுக்கல்லூர், கோடகநல்லூர் பக்கம் கேரளத்து ஆஸ்பத்திரிக் கழிவு கொட்டப்பட்டதும், அதைத் திருப்பி எடுத்துப் போகும்படி பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டதும் எல்லோருக்கும் தெரியும். எல்லையோரக் குப்பை மேட்டில் தீ என்று அழைப்பு வந்தால், அந்தக் குப்பைக்குள் ஊசி இருக்கும் என்று வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். கையால் கிளறக் கூடாது, நீண்ட கொக்கியால் இழுத்துப் பரப்பித் தண்ணீர் அடிக்க வேண்டும். பூட்ஸின் அடியில் இரும்புத் தகடு இருக்கிறதா என்பதும் அங்கே தெரிந்துவிடும். கண்ணில் பட்ட ஊசியை இடுக்கியால் எடுத்துப் பெட்டியில் போடுங்கள், ஊசிக்கு மூடி மாட்ட முயல வேண்டாம்.

அடுத்து கண் கழுவ 500 மில்லி சலைன் பாட்டில் நான்கு. வண்டியில் ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீர் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். டேங்கில் இருப்பது பல நேரம் குளத்திலோ கால்வாயிலோ பம்ப் வைத்து இழுத்தது. அதைக் கண்ணில் ஊற்றினால் ஒரு தொற்றுக்கு மருந்தாக இன்னொன்றைச் சேர்க்கிறோம். மூச்சு கொடுக்க ஒருவழி வால்வு வைத்த பாக்கெட் மாஸ்க் அல்லது கையால் அழுத்திக் காற்று செலுத்தும் ஆம்பு பேக் ஒன்று வேண்டும். ஒரு லிட்டர் ஹைப்போகுளோரைட் (சுருக்கமாக ஹைப்போ, கிருமி கொல்லும் குளோரின் திரவம்), காகிதத் துவாலை, சோப்பு. கூடவே சிவப்புப் பையும் தேவை. 2016 மருத்துவக் கழிவு விதிப்படி கையுறை, காகிள், பிளாஸ்டிக் சமாச்சாரம் சிவப்புப் பைக்கும், மாஸ்க், ரத்தம் தோய்ந்த பஞ்சு, துணி மஞ்சள் பைக்கும் போக வேண்டும். கிட் மஞ்சளை மட்டும் கொடுத்து எல்லாவற்றையும் அதில் திணிக்க வைக்கிறது. நிலையத்துக்குப் பின்னால் போட்டுக் கொளுத்தாமல், பக்கத்து அரசு மருத்துவமனையின் கழிவுச் சேகரிப்பில் சேர்க்க முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

தொற்று அதிகம் ஒட்டுவது போடும்போது அல்ல, கழற்றும்போது. வண்டியில் ஏறும் முன், ரோட்டோரத்திலேயே, இன்னொருவர் பார்த்துச் சொல்லச் சொல்லக் கழற்ற வேண்டும். முதலில் மேல் கையுறை. பிறகு கவராலின் ஜிப்பைத் திறந்து, தலையிலிருந்து உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டிக்கொண்டே கால் வரை இறக்குங்கள், வெளிப்பக்கம் சுருளுக்குள் போகட்டும். உள் கையுறையைக் கழற்றிக் கையைச் சோப்பால் கழுவுங்கள். காகிளைப் பின்பட்டையைப் பிடித்து எடுங்கள், கண்ணாடியின் முன்பக்கம் தொடாதீர்கள். மாஸ்க் கடைசி, அதுவும் பட்டையைப் பிடித்து. மறுபடி கை கழுவுதல். டிரைவர் இந்த வேலையில் எதிலும் கை வைக்காமல் இருப்பது நல்லது. ஸ்டியரிங்கும் வயர்லெஸ் மைக்கும் சுத்தமாக இருந்தால் திரும்பும் வழியில் டீ குடிக்க நிறுத்தினாலும் பயமில்லை.

கருவி கழுவுவதில் வரிசை முக்கியம். ரத்தம் இருக்கும்போதே ஹைப்போ ஊற்றினால் மருந்தின் வீரியத்தை ரத்தமே தின்றுவிடும். முதலில் சோப்புத் தண்ணீரில் ரத்தத்தை நீக்கிவிட்டு, 1 சதவீத ஹைப்போவில் துடைக்க வேண்டும். கடை ஹைப்போ 4 சதவீதம் என்றால் ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர். பிளீச்சிங் பவுடர் 30 சதவீத ரகம் என்றால் லிட்டருக்கு 33 கிராம். அன்றன்றைக்குக் கலக்க வேண்டும், நேற்றுக் கலந்ததில் வீரியம் இருக்காது. ஆசிட் கலந்த கழிப்பறைத் திரவத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், ஒரே வாளியைக்கூடப் பயன்படுத்தாதீர்கள். தரையில், ஸ்ட்ரெச்சரில் சிந்திய ரத்தத்தைக் காகிதத்தால் மூடி உறிஞ்சவிட்டு, மேலே ஹைப்போ ஊற்றி, இருபது நிமிடம் விட்டுத் துடையுங்கள். கட்டர் கத்தியில் ஹைப்போ நின்றால் துருப் பிடிக்கும், பத்து நிமிடத்தில் நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, எண்ணெய் போடுங்கள்.

இந்த வேகத்தில் ஃபயர் கோட்டையும் ஹைப்போ வாளியில் முக்குவதைப் பல இடத்தில் பார்க்கலாம். கோட்டைக் கெடுக்க அதைவிடச் சுருக்கு வழி கிடையாது. கோட்டில் உள்ள நோமெக்ஸ், கெவ்லார் போன்ற தீ தாங்கும் இழைகளைக் குளோரின் அரித்துவிடும். கோட்டு பார்க்கப் பழையபடியே இருக்கும், அடுத்த தீயில்தான் தெரியும். கோட்டை மென்மையான சோப்பில், 40 டிகிரிக்கு மேல் போகாத தண்ணீரில், உள் லைனிங்கைப் பிரித்துத் தனித்தனியாகத் துவைக்க வேண்டும். துவைத்ததும் வெயிலில் காயப்போடுவதும் தவறு. வெயிலின் புற ஊதாக் கதிர் கெவ்லாரை நாளடைவில் பலவீனமாக்கும். காற்றோட்டமான நிழலில் தொங்கவிடுங்கள். சாரல் காலத்தில் செங்கோட்டைப் பக்கம் இரண்டு நாள் ஆகும், அதற்கு மின்விசிறிக்குக் கீழே கயிறு கட்டுவதுதான் தீர்வு, மாற்றுக் கோட்டு இருந்தால் இன்னும் நல்லது. வீட்டுக்கு எடுத்துப்போய்க் குழந்தைகளின் துணியோடு மெஷினில் போடும் வழக்கத்தை நிலைய அளவிலேயே நிறுத்த வேண்டும். மீட்புக் கயிறும், அதில் தொங்க உடம்பில் கட்டும் ஹார்னஸ் பட்டையும் அப்படித்தான், சோப்பும் நிழலும் மட்டும். மூச்சுக்கருவியின் முகமூடியை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் கண்ணாடியில் நுண்ணிய விரிசல் விழும். தயாரிப்பாளர் சொன்ன கிருமிநாசினியில் கழுவி, அடுத்த ஆள் போடும் முன் முழுதாக உலர்த்துங்கள்.

தண்ணீரில் இறங்கும் வேலைக்குக் கிட் எதுவுமே செய்யாது. எலிக்காய்ச்சல் கிருமி எலி, மாடு, நாய் ஆகியவற்றின் சிறுநீர் வழியே வெள்ளத்திலும் சேற்றிலும் கலந்து, காலில் உள்ள சின்னக் கீறல் வழியாக ஏறும். முழங்காலளவு வெள்ளத்தில் கம்பூட்டு மேல்வழியே நிரம்பி, அதே தண்ணீரைக் காலோடு கட்டி வைக்கும். அங்கே வேடர் (wader) என்ற, இடுப்பு வரை வரும் நீர்புகா உடுப்பு வேண்டும். ஆழம் கூடி ஓட்டமும் இருந்தால் வேடரும் ஆபத்து, உள்ளே நீர் புகுந்தால் இழுத்துவிடும். காயத்தை நீர்புகாப் பிளாஸ்டரால் ஒட்டிவிட்டு இறங்குங்கள். கேரளத்தில் 2018 வெள்ளத்தின்போது மீட்புப் பணியாளர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமலிருக்க டாக்ஸிசைக்ளின் 200 மி.கி. வாரம் ஒருமுறை, அதிகபட்சம் ஆறு வாரம் கொடுத்தார்கள். அதாவது 100 மி.கி. மாத்திரை இரண்டு. டாக்டரிடம் கேட்டு, சாப்பிட்ட பிறகு, ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்க வேண்டும். விழுங்கியதும் படுத்தால் மாத்திரை உணவுக் குழாயைப் புண்ணாக்கும். மாத்திரை போட்டிருந்தாலும், இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், வெள்ளத்தில் இறங்கியதை டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்து அனுப்புவார்கள்.

தெற்குக் கேரளத்தில் 2024இலும் 2025இலும் பேசப்பட்ட அமீபா மூளைக்காய்ச்சல் மூக்கு வழியே போகிறது. தேங்கிய குளத்தில் மூழ்கித் தேடுகிறவர் மூக்குக் கிளிப்பாவது போட வேண்டும். விலையில் அதுதான் இந்தப் பட்டியலிலேயே மலிவு, ஆனால் எந்தக் கிட்டிலும் இல்லை. கிணற்றில் விழுந்த நாயைத் தூக்கும்போது கடித்தாலோ நகம் கீறினாலோ, பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றே ஊசிக்குப் போக வேண்டும். ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு, உடனே எதிர்ப்புத் தரும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் வேண்டும், மறக்காமல் கேளுங்கள். நிபா, 2018இலும் பிறகும் கோழிக்கோட்டுப் பக்கம் வந்தபோதெல்லாம், எல்லைச் சாவடிகளில் காய்ச்சல் பார்த்தார்கள். அப்படிப்பட்ட காலத்தில் மயங்கிக் கிடக்கும் நோயாளியைத் தூக்கும் அழைப்பு வந்தால், கவரால் கிட் முழுமையாக உதவும் அரிய சந்தர்ப்பம் அதுவே.

கிட் வாங்கும் பணத்தை முதலில் எதில் போடலாம் என்று கேட்டால், ஹெபடைடிஸ் பி தடுப்பூசியில். ஊசி குத்தியோ வெட்டியோ தொற்று உள்ளவரின் ரத்தம் உள்ளே போனால், எச்.ஐ.வி. பரவும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி பரவும் வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம். காய்ந்த ரத்தத்திலும் அந்தக் கிருமி ஒரு வாரம் உயிரோடு இருக்கும், அதாவது நேற்று நசுங்கிய வண்டியில் இன்றும் உண்டு. ஊசி மூன்று: இன்று, ஒரு மாதம், ஆறு மாதம். மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் எதிர்ப்புச் சக்தி அளவைச் சோதித்து, 10க்கு மேல் இருக்கிறதா என்று நிலையப் பதிவேட்டில் எழுதி வையுங்கள். போட்டும் எதிர்ப்பு உருவாகாதவர் ஒரு சிலர் இருப்பார்கள், அவர்கள் யாரென்று விபத்துக்கு முன்பே தெரிய வேண்டும்.

குத்திவிட்டால் செய்ய வேண்டியது எளிது, ஆனால் வரிசை தவறக் கூடாது. காயத்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். பிழியவோ வாயால் உறிஞ்சவோ ஹைப்போ ஊற்றவோ வேண்டாம். கண்ணென்றால் சலைன். உடனே நிலைய அலுவலருக்குச் சொல்லி மருத்துவமனைக்குப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்லது, 72 மணி நேரத்துக்கு மேல் பயனில்லை, 28 நாள் சாப்பிட வேண்டும். அந்த மாத்திரை எந்த மருத்துவமனையில் ராத்திரியிலும் கிடைக்கும் என்பதை வண்டி லாக்கர் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள். எல்லைச் சாலையில் ஒரு சிக்கல் உண்டு. அடிபட்டவரை ஆம்புலன்ஸ் புனலூருக்கோ திருவனந்தபுரத்துக்கோ கொண்டுபோகும், நீங்கள் தென்காசிக்குத் திரும்புவீர்கள். அவர் ரத்தப் பரிசோதனை முடிவு அந்தப் பக்கம் இருக்கும். ஆம்புலன்ஸ் எண்ணும் போகும் மருத்துவமனையும் குறித்துக்கொள்ளாமல் வண்டியை அனுப்பாதீர்கள். அங்கே அவர் சம்மதத்தோடுதான் சோதிப்பார்கள், முடிவு மருத்துவர்களுக்கிடையே போகும், நமக்கு நேராகச் சொல்ல மாட்டார்கள். அமெரிக்காவில் 1990லேயே அவசரப் பணியாளருக்கு இப்படிப்பட்ட தகவல் தர வேண்டும் என்று சட்டம் வந்தது. இங்கே 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம், தொழில் வழியே தொற்று அபாயம் உள்ள எந்த நிறுவனமும் பாதுகாப்புக் கருவியும் தடுப்பு மாத்திரையும் பயிற்சியும் தர வேண்டும் என்கிறது. கொள்முதல் கோப்பில் அந்தச் சட்டத்தைச் சுட்டிக் காட்டி எழுதினால் கையெழுத்து சீக்கிரம் விழும்.

கடைசியாக லாக்கர். வெயிலில் நின்ற வண்டியின் லாக்கருக்குள் வெப்பம் கூடக்கூட மாஸ்க்கின் ரப்பர் பட்டை இற்றுப்போகும், நைட்ரைல் விரலோடு விரல் ஒட்டும், ஹைப்போ வீரியம் இழக்கும். கிட்டை வாங்கி ஐந்து வருடம் சீல் உடைக்காமல் வைத்திருப்பதில் பெருமை இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒன்றைப் பிரித்துப் பயிற்சிக்குப் போட்டுப் பாருங்கள், கையுறையையும் மாஸ்க் பட்டையையும் இழுத்துப் பாருங்கள், அறுந்தால் அந்தத் தொகுதி முழுவதையும் மாற்றுங்கள். ஐந்தாறு பேர் வரும் ஒரு வண்டிக்கு வேண்டியது: நீள நைட்ரைல் பெட்டி இரண்டு, வெவ்வேறு அளவில். ஆளுக்கு இரண்டு ஜோடி மீட்புக் கையுறை, ஒரு காகிள், நான்கு மாஸ்க். கவரால் நான்கு. கூர்பொருள் பெட்டி, இடுக்கி, சலைன், பாக்கெட் மாஸ்க், மஞ்சளும் சிவப்புமாகப் பத்துப் பத்துப் பை. ஹைப்போவை வண்டியிலேயே விட்டுவைக்காமல் நிலையத்தில் நிழலில் வைத்து, அழைப்புக்குக் கிளம்பும்போது எடுத்துக்கொள்ளலாம். இவற்றைத் தனித்தனியாக வாங்குவது ரெடிமேட் கிட் ஆறை வாங்குவதைவிடக் கொஞ்சம் அலைச்சல்தான். சர்ஜிகல் கடையில் பாதி கிடைக்கும், மீட்புக் கையுறைக்கும் காகிளுக்கும் தொழிற்சாலைப் பாதுகாப்புப் பொருள் விற்கும் கடைக்குப் போக வேண்டும்.